தண்ணியில் இருக்கிறார்

கப்பல் வேலைக்குக் கிளம்புகிற பிள்ளைகள் நீலசந்திராவில் என் வீட்டுக்கு வந்தால் முதலில் கேட்பது, வாந்திக்கு எந்த மாத்திரை நல்லது என்றுதான். அதை மருந்துக்கடையில் கேளுங்கள். என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று. வெட்கப்பட்டுக்கொண்டு அதை யாரும் கேட்பதில்லை. பயமாக இருந்தால் என்ன செய்வது என்பதுதான் அந்தக் கேள்வி.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பயமாகத்தான் இருக்கும். சுற்றுலாக் கப்பல்களில் பயணிகளுக்குப் பொழுதுபோக்கு நடத்துவதிலேயே என் வயது போயிற்று. நம்பர் வாசிக்க வாசிக்கச் சீட்டில் அடித்து விளையாடும் ஹவுசி நடத்தினேன், வினாடி வினா நடத்தினேன், துண்டை மடித்து யானை செய்யச் சொல்லிக்கொடுத்தேன். கடல் கொந்தளித்த ஒவ்வொரு முறையும் நான் பயந்தேன். போகப் போகப் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். முகம் மட்டும்தான் பழகும். அந்த முகத்துக்குத்தான் நமக்குச் சம்பளம்.

கடல் மோசமாக இருக்கும்போது கப்பலை ஓட்டுகிறவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. பயணிகளுக்கோ ஒரு வேலையும் இல்லை. நீச்சல் குளத்தை வடித்து வலை போட்டிருப்பார்கள். வெளித்தளங்களின் கதவுகளை அடைத்திருப்பார்கள். லிஃப்ட் ஓடாது. மாடிப்படிக் கைப்பிடி நெடுக வாந்திப் பைகளைச் செருகி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்தே பாதிப் பேருக்கு வந்துவிடும். சும்மா இருக்கிற மனிதன் சத்தம் கேட்க ஆரம்பிப்பான். அலை மோதும்போது வீட்டுச் சுவரில் லாரி இடித்தது போல ஒரு அடி விழும். அதற்குப் பிறகு எங்கோ தட்டுகள் உருளும். சுவர்ப்பலகைகள் முனகும். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தனியறையில் படுத்திருப்பவர் கொஞ்ச நேரத்தில் உயிர் காக்கும் அங்கியை மாட்டிக்கொண்டு வெளியே ஓடி வருவார். ஆடுகிற கப்பலில் ஓடினால் படிக்கட்டில் விழுந்து இடுப்பு உடையும். அதனால் ஆட்டம் குறைவாக இருக்கும் நடுப்பகுதி மண்டபத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, சத்தத்தைக் கேட்க விடாமல் எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். நம் வேலை அவ்வளவுதான். சுலபம் என்று நினைத்தீர்களானால் ஒரு நாள் செய்து பாருங்கள்.

இப்போது அந்தோணி அங்கிள் காணாமல் போன கதைக்கு வருகிறேன்.

அந்தப் பயணத்தில் எங்கள் ஊர்த் தொம்மலூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. ரோசலின் ஆன்ட்டி, அவர் கணவர் அந்தோணி அங்கிள், மகள், மருமகன். அங்கிள் ஃபேக்டரியில் லேத் ஓட்டும் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐ.டி.யில் இருக்கும் மகள் அப்பா அம்மாவுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்று அழைத்து வந்திருந்தாள். என் சட்டையில் இருந்த ஸ்டெல்லா என்ற பெயரைப் படித்துவிட்டு ஆன்ட்டி முதல் நாளே பிடித்துக்கொண்டார்.

"நீ நம்ம பொண்ணுதானே? எந்தப் பக்கம் கண்ணு?"

"நீலசந்திரா ஆன்ட்டி."

"அட, எங்க நாத்தனார் அங்கதான் இருக்கா. ஏங்க, இங்க வாங்க, நீலசந்திரா பொண்ணாம்!"

வரவேற்புக்காகக் கொடுத்த மதுவை அங்கிள் கையால் தொடவில்லை. எலுமிச்சை ஜூஸ் கேட்டார். நான் எடுத்து வரப் போனபோது ஆன்ட்டி என் காதோடு சொன்னார்: "ஒரு காலத்துல இவரால நான் பட்ட பாடு ஊருக்கே தெரியும். பொண்ணு பொறந்தப்ப மாதா கோயில்ல சத்தியம் பண்ணாரு. அன்னிலேருந்து ஒரு சொட்டு இல்ல." ஒரு பெண் தன் வீட்டுப் பத்திரத்தைக் காட்டும்போது இருக்கிற பெருமை அந்த முகத்தில் இருந்தது.

இன்னொரு ஆளையும் சொல்லிவிட வேண்டும். பிரகாஷ். எங்கள் ஊர்ப் பக்கத்து அத்திபெலே பையன். ஐந்தாம் தளத்து அறைகளைச் சுத்தம் செய்து பார்த்துக்கொள்வது அவன் வேலை. அந்தக் கப்பலில் தமிழ் பேசும் ஊழியர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. பயணிகள் காதில் விழக்கூடாத சமாச்சாரம் என்றால் வாக்கிடாக்கியில் தமிழில் பேசிக்கொள்வோம். யாருக்கு வயிற்றுப்போக்கு, எந்த மேலதிகாரி கடுகடுவென்று இருக்கிறார், எல்லாம் தமிழில். வெள்ளைக்காரர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள், ஒன்றும் புரியாது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. தமிழ் தெரிந்த குடும்பம் ஒன்று கப்பலில் ஏறியிருக்கிறது என்று தெரிந்தும் நாக்கு பழக்கத்தை விடவில்லை.

மூன்றாம் நாள் மதியம் கடல் கெட்டது. போக வேண்டிய துறைமுகம் ரத்து என்று கேப்டன் அறிவித்தார். அவர் குரல் மிக நிதானமாக இருந்தது. கேப்டன் வழக்கத்தைவிட நிதானமாகப் பேசினால் நிலைமை மோசம் என்று எனக்குப் புரிந்துவிடும். நான்காம் தளத்து மண்டபத்தில் இருநூறு பேருக்கு ஹவுசி சீட்டுகளைக் கொடுத்து உட்காரவைத்தேன். பியானோவைக் கயிறு போட்டுத் தூணோடு கட்டியிருந்தார்கள். அது ஒவ்வொரு சாய்வுக்கும் கயிற்றை இழுத்து முறுக்கியது. எனக்கு அதன் மேலேயே கண். அறுந்தால் முன் வரிசையில் இருக்கிறவர்கள் கதி என்ன என்று நினைத்தபடியே சிரித்துக்கொண்டு நம்பர் வாசித்தேன்.

மகளும் மருமகனும் வாந்தியில் சுருண்டு தங்கள் அறையிலேயே படுத்துவிட்டார்கள். ஆன்ட்டியும் அங்கிளும் மண்டபத்தில் மூன்றாம் வரிசையில் இருந்தார்கள். நம்ம ஊர் மாதா கோயில் திருவிழா ஹவுசியில் கத்துவது போல ஆன்ட்டி நடுவில், "பையை நல்லாக் குலுக்கும்மா!" என்று கத்தினார். நான் நம்பர் பையைக் குலுக்கவும் கப்பலே ஒரு குலுக்குக் குலுக்கியது. பாஷை புரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள். அன்று அந்த மண்டபத்தில் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த சீட்டை அவர் பார்க்கவே இல்லை. உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டே இருந்தார். பயந்துபோன பயணிகளில் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எழுந்து போகிறவரைக் கவனியுங்கள். அங்கிள் எழுந்தார்.

"எங்க போறீங்க?" என்றார் ஆன்ட்டி.

"உனக்குக் குளுருதில்ல. ஸ்வெட்டர் எடுத்தாறேன்."

"எனக்கு ஒண்ணும் குளுரல. சும்னே உக்காருங்க."

"பேகா, சீக்கிரமா வந்துடறேன் ரோசி." தூணைப் பிடித்து, நாற்காலி முதுகுகளைப் பிடித்து, கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நான் நம்பர்களை வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆட்டம் முடிந்து, பரிசு கொடுத்து, அடுத்த ஆட்டம் தொடங்கியும் அங்கிள் திரும்பவில்லை. ஆன்ட்டி சீட்டைக் கீழே வைத்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, கதவையே பார்த்தார். அவர்கள் அறை ஐந்தாம் தளத்தில், ஒரே ஒரு மாடி ஏறினால் போதும். ஆனால் அதே ஐந்தாம் தளத்தில்தான் கப்பலைச் சுற்றி வரும் திறந்தவெளி நடைபாதையும் இருக்கிறது. அதன் கதவுகளில் போகக்கூடாது என்று பலகை மாட்டியிருந்தார்கள். மூச்சு முட்டுகிறது, கொஞ்சம் காற்று வேண்டும் என்று பலகையைத் தாண்டிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். காற்றுதானே என்று போவார்கள். அந்தக் காற்று நிற்கிற ஆளைத் தள்ளும்.

மைக்கைக் கீழே இறக்கி, வாக்கிடாக்கியில் பிரகாஷைக் கூப்பிட்டேன்.

"பிரகாஷ், தொம்மலூர் அங்கிள் ரூமுக்குப் போனவரு இன்னும் வரல. ஒரு எட்டு பாத்துட்டுச் சொல்லுடா."

"ஸ்வல்ப இருங்கக்கா, ஒரு நிமிஷம், போறேன்."

அப்போது ஒரு பெரிய அலை. மண்டபமே ஒரு பக்கமாகச் சரிந்தது. நான் மேசை விளிம்பைப் பிடித்தேன். வாக்கிடாக்கி இடுப்பிலிருந்து கழன்று விழுந்து, காதில் மாட்டியிருந்த ஒயர் பிடுங்கிக்கொண்டது. குனிந்து எடுப்பதற்குள் பிரகாஷின் குரல் எல்லாருக்கும் கேட்கும்படி வெளியே வந்தது.

"அக்கா, அங்கிள் தண்ணில இருக்காரு. அஞ்சாம் டெக்கு..."

பாதியில் கரகரத்து நின்றுவிட்டது.

இருநூறு பேரில் அது புரிந்தது இரண்டு பேருக்கு. ஒருத்தி நான். இன்னொருவர் எழுந்து நின்றிருந்தார்.

நம் மொழியில் ஒரு ஆள் தண்ணியில் இருக்கிறார் என்றால் குடித்திருக்கிறார் என்று அர்த்தம். பேருந்து நிறுத்தத்தில், கல்யாண வீட்டில், எங்கே சொன்னாலும் அதுதான் அர்த்தம். நடுக்கடலில், அந்த அலையில், கரையே தெரியாத இடத்தில் சொன்னால்? எனக்கும் முதலில் குடி என்றுதான் தோன்றியது. உடம்பு ஒரு நொடி இளகியது. ஆனால் ஆன்ட்டி என் அருகில் வந்துவிட்டார். என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கியது.

"அவரு குடிக்க மாட்டாரு. உனக்கே தெரியுமில்ல? அவரு குடிக்கவே மாட்டாரு. அப்ப கடல்ல விழுந்துட்டாரா? சொல்லு, விழுந்துட்டாரா?"

வாக்கிடாக்கியில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இரும்புச் சுவர்களுக்கு நடுவே சில இடங்களில் அது வேலை செய்யாது. ஆன்ட்டி கதவுப் பக்கம் திரும்பினார். இடுப்போடு சேர்த்து அவரை அணைத்துப் பிடித்தேன். அந்த உடம்பில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என்னையும் சேர்த்து இழுத்தார்.

பிள்ளைகளே, இந்த இடத்தை நன்றாகக் கேளுங்கள். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. குடிதான் என்று முடிவு செய்து ஆன்ட்டியை உட்காரவைத்துச் சமாதானம் சொல்லலாம். ஆனால் அவர் உண்மையிலேயே கடலில் இருந்தால், நான் சமாதானம் சொல்கிற ஒவ்வொரு நிமிடமும் கப்பல் அவரை விட்டுத் தூரம் போய்க்கொண்டிருக்கும். அந்த அலையில் ஒரு மனிதனின் தலை எத்தனை நேரம் கண்ணுக்குத் தெரியும்? அப்படி இல்லாமல், ஆள் விழுந்துவிட்டார் என்று அறிவித்தால் கப்பலைத் திருப்புவார்கள். அந்தக் காற்றில் கப்பலைக் குறுக்கே திருப்பினால் நிற்கிறவர்கள் எல்லாரும் விழுவார்கள். கயிற்றில் இருக்கிற பியானோவையும் நினைத்துக்கொண்டேன். அங்கிள் கட்டிலில் படுத்திருக்க, எத்தனை பேருக்குக் கை கால் உடையுமோ.

எனக்கு எது வேண்டியிருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். குடியாக இருக்க வேண்டும் என்று மனம் கெஞ்சியது. எது வேண்டுமோ அதைத்தான் காது கேட்கும். அதனால்தான் என் காதை நான் நம்பவில்லை.

சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்து, கப்பலை இயக்குகிற மேல்தளத்தைக் கூப்பிட்டேன். ஒரு கை ஆன்ட்டியைச் சுற்றியிருந்தது. எடுத்த அதிகாரியிடம் ஆங்கிலத்தில் ஒரே மூச்சாகச் சொன்னேன். ஐந்தாம் தளத்து ஊழியர் எங்கள் தாய்மொழியில் ஒரு வாக்கியம் சொன்னார், அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு, பயணி குடித்திருக்கிறார் என்றும் இருக்கலாம், பயணி தண்ணீரில் இருக்கிறார் என்றும் இருக்கலாம், எது என்று எனக்குத் தெரியவில்லை, ஊழியருடன் தொடர்பு அறுந்துவிட்டது.

"எதுவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"நான் நினைப்பதைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியவில்லை."

அவர் உடனே ஐந்தாம் தளத்தின் இரண்டு பக்கக் கதவுகளுக்கும் அவர்கள் அறைக்கும் ஆள் அனுப்புவதாகவும், இந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வேகத்தைக் குறைப்பதாகவும், தொலைபேசியை வைக்கக் கூடாது என்றும் சொன்னார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டு பிறகு வந்தது, நன்றாகவே வந்தது.

மண்டபத்தில் தலைகள் எழும்பத் தொடங்கியிருந்தன. பயணிகளில் ஒரு அம்மாள் எழுந்து வந்து விளையாட்டு நடத்துகிறவளைப் பிடித்து இழுத்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? இருநூறு பேரும் எழுந்தால் என் கதை முடிந்தது. தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டேன். ஆன்ட்டியின் கையை என் கைக்குள் பூட்டிக்கொண்டு, மற்ற கையால் மைக்கை எடுத்து அடுத்த நம்பரை வாசித்தேன். குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. ஒரு நம்பர் ஆங்கிலத்தில் மைக்கில், ஒரு வார்த்தை தமிழில் மைக்கை இறக்கி, "பாக்கப் போயிருக்காங்க ஆன்ட்டி, இதோ சொல்லிடுவாங்க." மறுபடி ஒரு நம்பர். எழுந்தவர்கள் சீட்டைக் குனிந்து பார்த்தார்கள். உட்கார்ந்தார்கள்.

ஆன்ட்டி இப்போது இழுக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் அருள் நிறைந்த மரியே ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் மறந்துபோய் முதலிலிருந்து தொடங்கினார். திரும்பவும் அதே இடத்தில் மறந்தது.

வாக்கிடாக்கி உயிர் பெற்றது.

"அக்கா, கேக்குதா? ரூம்லதான் இருக்காரு. ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்த சின்ன பாட்டில ஒண்ணொண்ணா ஓப்பன் பண்ணி குடிச்சிருக்காரு. ஃபுல் டைட்டு. கீழ உக்காந்து கட்டிலப் புடிச்சுக்கினு அழுவுறாரு."

ஆன்ட்டி கண்ணைத் திறந்தார்.

"குடிச்சிருக்காரா?"

"ஆமா ஆன்ட்டி. ரூம்ல..."

"குடிச்சிருக்காரு!" என்று மண்டபமே அதிரக் கத்தினார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். "மாதாவே, குடிச்சிருக்காரு! நன்றிம்மா! குடிச்சிருக்காராம்!"

அவருக்குத்தான் ஹவுசி அடித்துவிட்டது என்று நினைத்து மண்டபம் முழுக்கக் கை தட்டியது. சிலர் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். ஆன்ட்டி அவர்களைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். மேசையில் சாய்ந்துகொண்டேன். தொலைபேசியில் அதிகாரியிடம் பயணி அறையில் இருக்கிறார் என்று சொன்னபோது அவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

கைதட்டல் ஓய்வதற்குள் ஆன்ட்டியின் சிரிப்பு நின்றுவிட்டது. தான் என்ன சொல்லிக் கத்தினோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். கையைக் கீழே இறக்கினார். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிரகாஷ் வந்து அவரைக் கூட்டிப் போனான்.

ஆங்கிலத்தில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று பிறகு பிரகாஷைப் பிடித்துத் திட்டினேன். அவன் தலையைத் தொங்கப்போட்டான். "இங்கிலீஷ்ல சொன்னா சூப்பர்வைசர் காதுல விழும்க்கா. குடிச்சிட்டு கலாட்டான்னு எழுதிடுவாங்க. நம்ம ஊரு பெரியவரு, அவரு மானம் போவுமேன்னுதான்..." அவனை அதற்கு மேல் என்ன சொல்ல? நல்லதை நினைத்துத்தான் சொன்னான். நீங்களும் நல்லதை நினைத்துத்தான் இப்படி எதையாவது செய்வீர்கள். வாக்கிடாக்கியில் பேசும்போது கேட்கிறவர் யோசித்துப் புரிந்துகொள்ள வேண்டிய எந்தச் சொல்லையும் சொல்லாதீர்கள். உங்களுக்கே ஒரு சொல் இரண்டாகக் கேட்டால், இரண்டையும் மேலே சொல்லுங்கள். தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

மறுநாள் விடிந்தபோது கடல் கழுவித் துடைத்தது போல் கிடந்தது. வெளித்தளங்களைத் திறந்துவிட்டார்கள். நேற்று வாந்திப் பையைப் பிடித்திருந்தவர்கள் எல்லாரும் ஃபோனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஐந்தாம் தளத்துக்குப் போய் அவர்கள் அறைக் கதவை மெதுவாகத் தட்டினேன்.

ஆன்ட்டி திறந்தார். உதட்டில் விரல் வைத்தார். உள்ளே அங்கிள் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். ஆன்ட்டி படுத்த மாதிரியே தெரியவில்லை. நேற்றுக் கட்டியிருந்த அதே புடவை. மடியில் வைத்திருந்த கைப்பையோடு அப்படியே எழுந்து வந்திருந்தார்.

"அலையெல்லாம் நின்னுடுச்சு ஆன்ட்டி," என்றேன்.

"உங்களுக்கு நின்னுடுச்சு கண்ணு. எனக்கு இனிமேதான்."

ஃப்ரிட்ஜில் மிச்சம் இருக்கும் பாட்டில்களை எடுத்துப் போகச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து காட்டினார். குடிக்காமல் மிச்சமிருந்த குட்டிப் பாட்டில்கள் எல்லாம் உள்ளே இருந்தன. ஒன்றோடு ஒன்று மோதிச் சத்தம் வராமல் இருக்க, ஒவ்வொன்றையும் கைக்குட்டையிலும் பூசைக்குப் போட்டுக்கொள்கிற முக்காட்டுத் துணியிலும் சுற்றி வைத்திருந்தார்.

"இதை ஏன் ஆன்ட்டி கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? பாத்ரூம்ல கொட்டியிருக்கலாமே."

அவர் கட்டிலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"கொட்டினா வாசனை வரும் கண்ணு. வாசனை வந்தா முழிச்சுக்குவாரு."

பையை என்னிடம் நீட்டினார். அதன் வாரை மணிக்கட்டைச் சுற்றி அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவிழ்க்க முடிந்தது.